சின்னக் குளம்பு

அயர்லாந்தில் மழை விடாத மலை ஒன்று. அதன் உச்சிக்குப் போக இரண்டு வழி. ஒன்றில், மலையேறுகிறவர்களின் பூட்ஸ் மிதித்து மிதித்துப் புல்லெல்லாம் போய், கறுப்புச் சேறுதான் மிச்சம். இன்னொன்றில் ஊதாப்பூப் பூக்கும் ஹெதர் புதர் மண்டிக் கிடந்தது. ஒரு காலடித் தடமும் கிடையாது.

அன்று அடிவாரத்து ஓடை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. செம்மறித் தாய் ஒருத்தி, பிறந்து சில நாளே ஆன குட்டியோடு உச்சிப் பாறைக்குக் கிளம்பினாள்.

“புதர் மேலேயே போ அக்கா,” என்றது முயல். “வேர் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு.”

“யாருமே போகாத வழியிலே பச்சைப் பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்றியா? இங்கே பாரு, எத்தனை பேர் போயிருக்காங்க.”

“அத்தனை பேர் போனதாலேதான் அங்கே தரையே இல்லை.”

“ஒண்டிக்கட்டை உனக்கென்ன, துள்ளி ஓடிடுவே,” என்று சொல்லிவிட்டு அவள் சேற்று வழியில் ஏறினாள்.

பாதியில் குட்டியின் கால் புதைந்தது. இழுக்கப் போனவளும் வயிறு வரை இறங்கிவிட்டாள்.

“அம்மா, குளிருது.”

“அசையாதே கண்ணு. மாதாவே, யாரையாவது அனுப்பு.”

கீழே மூடுபனிக்குள் இன்னொரு செம்மறி வந்தாள், தன் குட்டியோடு. “வராதே, வராதே” என்று இவள் கத்தியதைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோயிற்று.

வந்தவள் சேற்றைக் குனிந்து பார்த்தாள். பெரிய குளம்புத் தடம், அதை ஒட்டியே சின்னது.

“பயப்படாதே ராசா,” என்றாள் குட்டியிடம். “இப்போதான் ஒருத்தி பிள்ளையோட போயிருக்கா.”