கோணல் காலர்

"பழசு அடைச்சபடியே இருக்காம். புதுசா எதுவும் இல்லையாம்" என்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் தையல் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னாள்.

துணி வெட்டிக்கொண்டிருந்த கணவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவள் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கி வெடித்தது. இதே தையல் மெஷின் மேல்தான் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த வீக்கத்துக்குள் கம்பிச்சுருள் வைத்து அடைத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து ஒரு சட்டம்: அவளுக்குக் கோபம் வரக்கூடாது. டாக்டர் போட்டதல்ல, இவனாகப் போட்டது.

உப்புக் கரித்தாலும் பிரமாதம். அவள் என்ன கத்தினாலும் "நீ சொன்னா சரி." அதற்கு முன்பு ஒரு பட்டனுக்காக மூன்று நாள் சண்டை போட்டவர்கள் இருவரும்.

அவளுடைய இடது கை இப்போது சொன்னபடி கேட்பதில்லை. காலர் கோணிக்கொண்டு போகும். அவன் வாயே திறக்கமாட்டான். அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அதைப் பிரித்து, தானே மறுபடி தைத்து, ஒன்றும் தெரியாதவன் போல அடுக்கி வைப்பான்.

தன் தையல் தனக்குத் தெரியாதா? ஆறு வருடமாக அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போனவளைப் பற்றித்தான் யாரும் குறை பேசமாட்டார்கள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். காலையில் அவள் தைத்த சட்டையை எடுத்துப் பார்த்தான். மேசைமேல் விட்டெறிந்தான்.

"இது காலரா? குரங்குகூட இதைவிட நல்லா தைக்கும்டி! பிரிச்சுப் பிரிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு!"

"அப்பவே சொல்றதுக்கென்ன? வாயைத் தச்சா வச்சிருந்தீங்க?"

பிறகு மடை திறந்தது. அவளுடைய அண்ணன், அவளுடைய பிடிவாதம், போன வருடம் அவள் தொலைத்த சாவி என்று ஒன்றையும் அவன் விட்டுவைக்கவில்லை. அவளும் சளைக்கவில்லை. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை நிம்மதியாக அவள் இருந்து ஆறு வருடமாயிற்று.

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவள் சரியாகச் சொல்லியிருந்தாள். பழசு அடைத்தபடியே இருக்கிறது. புதிதாக இரண்டு, வேறு இடங்களில் வீங்கியிருக்கின்றன. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்.

நாளைக் காலையில் அவனிடம் சொல்லத்தான் வேண்டும்.

மூச்சு வாங்கி நின்றவனிடம், "அவ்வளவுதானா? இன்னும் சொல்லுங்க" என்றாள்.