முகம் துடைக்க ஒரு துண்டு

"அண்ணி, முழுசாக் கேளுங்க, பட்டன அமுக்கினா சீட்டே கட்டிலாகிடும்..."

"ஒங்க கட்டில் கெடக்கட்டும் தம்பி! அண்ணன் பக்கத்துலயே இருந்து கூட்டிக்கிட்டு வாங்கன்னுதானே போன்ல கெஞ்சினேன்?"

துபாயிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய கஸ்பர், கோட்டைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துப் பெரிய தொரை தோரணையில் லயத்து வீட்டு வாசலில் நின்றான். மார்கிரட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கண் கீழே ரோட்டில் நின்ற வேனிலேயே இருந்தது.

"கம்பெனிக்காரன் எனக்குத்தான் பிசினஸ் கிளாஸ் போட்டுக் குடுத்தான். அண்ணன அங்க ஏத்த மாட்டாங்க."

"நாலு மணி நேரம் ஒக்காந்து வந்தா கால் ஒடைஞ்சா போயிரும்? ரெண்டு பேரும் இதே லயத்துல பாயில பொரண்டவங்கதானே?"

"ஏறினதுமே மூஞ்சி தொடைக்கச் சூடா ஒரு துண்டு குடுக்கிறான் அண்ணி. பீங்கான் தட்டுல சாப்பாடு. கால நீட்டிப் படுத்தவன்தான், கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுலதான் முழிச்சேன்."

"நடுவுல ஒரு தடவ அவரப் போய்ப் பாத்தீங்களா?"

"அங்கெல்லாம் போக விட மாட்டாங்க அண்ணி."

கீழே வேனின் பின்கதவு திறந்தது. லயத்து ஆம்பளைகள் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே மெதுவாக மேலேறி வந்தார்கள்.

"ஒங்க அண்ணனும் கால நீட்டிப் படுத்துத்தான் வந்திருக்காரு, தம்பி. அவரு மூஞ்சிய யாரு தொடச்சா?"