கேட்டில் இரண்டு எழுத்து

"தாம்பரத்துல இல்லாத கடையா அண்ணி? குரோம்பேட்டைக்கு ஏன் இழுத்துக்கினு வந்தீங்க?" கொழுந்தன் சவுரிமுத்து சலித்துக்கொண்டார்.

அம்மணி அதைக் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டிசைனரிடம், "புது வூட்டு கேட்டுக்கு மோனோகிராம் வேணும். ரெண்டு எழுத்து பின்னிக்கினு இருக்கணும். முதல் எழுத்து 'ஜீ'. என் பொண்ணு ஜீவிதா" என்றாள்.

"ஓடிப்போய்க் கல்யாணம் கட்டிக்கினவ பேரா? அண்ணன் சாவுக்குக்கூட அவளை உள்ள விடலையே!"

"விடாதது நீங்க. இந்த வூட்டைக் கட்டிக் குடுத்தது அவ."

"ஊரே சிரிக்கும் அண்ணி!"

"சிரிக்கட்டும். கேட்டுக்கு வெளிய நின்னு சிரிக்கட்டும்."

டிசைனர் தலை நிமிராமல் கேட்டான். "ரெண்டாவது எழுத்து உங்க பேரோடதாம்மா?"

"இல்ல. உங்க பேரோட முதல் எழுத்து, மாப்ள."