அரக்கு முத்திரை

“நட்பு நாட்டுப் போர்க்கப்பலுக்கு எங்க கரையைத்தானே குடுக்கப் போறீங்க?” என்று கல்யாணமான புதிதில், கடலோரக் கிராமத்தில் பிறந்த ஜெனோவா கேட்டாள். “வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம்மா. வேணும்னா எம்.பி. ஆகி வந்து கேளு” என்று சிரித்தான், பாதுகாப்புத் துறையிலிருந்த அவள் கணவன் அருளப்பன்.

ஒன்பது வருடங்களில் அவன் துறைச் செயலாளரானான், அவள் எம்.பி. ஆனாள். இன்று நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழுவில் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். நட்பு நாட்டுடனான கூட்டு ராணுவத் திட்டம் இருந்த, அரக்கு வைத்த உறைமீது அவன் கை இருந்தது. காலையில் அவளுக்குத் தோசை வார்த்த கை.

“திறந்து பாத்தா நட்பு நாடு வருத்தப்படும். அப்படியே கையெழுத்துப் போட்டுடலாமே” என்றார் குழுத் தலைவர். எல்லோரும் போட்டார்கள். தன்னிடம் வந்த பேனாவை ஜெனோவா மூடி வைத்தாள். வேண்டாம் என்றன அருளப்பனின் கண்கள். அவள் எழுந்து நின்றாள்.

“உறையைப் பிரிச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிங்க, செயலாளர் சார்.”