பேரை மட்டும்

"பேரை மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் வேண்டாம்" என்றாள் போனுக்குள் இருந்த கவுன்சலர் பெண். சென்னைக்காரி.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது மருமகள் பிரவீனா. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இங்கே இருந்தது.

மகன் போனதிலிருந்து அவர் அவன் பேரைச் சொன்னதில்லை. அழுததுமில்லை.

காரியம் முடிந்த மறுநாளே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ப் பாக்கு விலை விசாரித்தார். பேங்கில் மகன் பேரைக் கேட்டபோது மருமகள் பக்கம் கையைக் காட்டினார். மனுசன் கல்லு என்று காரமடையில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அது சரியென்றே பட்டது. உள்ளே தட்டிப் பார்த்தால் சத்தமே வரவில்லை.

பிரவீனாதான் இந்த வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு ஏற்பாடு செய்தாள். புருஷனைப் பற்றிப் பேச அந்த வீட்டில் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

இந்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்று அவரே ஒத்துக்கொண்டிருந்தார்.

கவுன்சலர் பெண் திரும்பித் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மெதுவாகச் சொல்லலாம், காத்திருக்கிறேன் என்றாள்.

அவர் திரையையே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

நேரம் முடிவதற்குள் எழுந்து, போனை அமர்த்திவிட்டார்.

பிரவீனா வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏனுங்க மாமா, இப்படி வெச்சுப்போட்டீங்க? எப்பவும் வாரேனுங்க, வாரேனுங்கன்னு போனை வெக்கவே மாட்டீங்க. இன்னிக்கு அதுகூடச் சொல்லுல."

"எழவு ஊட்ல வாரேன்னு சொல்லுவாங்களா கண்ணு?"

அவளுக்குப் புரியவில்லை.

சென்னியப்பன் மறுபடி உட்கார்ந்தார். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. மண்டியில் விலை சொல்கிற குரல்தான்.

"அந்தப் புள்ள பின்னாடி ஒண்ணுந் தெரியாம மங்கலா வெச்சிருந்துச்சு. தண்ணி எடுக்கத் திரும்புனப்ப செத்த நேரம் தெளிஞ்சு போச்சு. செவுத்துல போட்டோ. மாலை இன்னும் வாடுல. வெளக்கு எரியுது."

துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சின்ன வயசுப் பையன். நம்ம கதிர்வேலு போன வயசுதான் இருக்கும்."