இயக்குநர் அறை ஏசி

ஏசி கடகடவென்று சத்தம் போட்டது.

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ராஷித். தொழிற்கல்வித் துறையின் புது இயக்குநர். வெள்ளை அங்கி, தலைத்துணி, அத்தர் மணம். இந்தப் பக்கம் அவர். கழுத்தில் டையும் கையில் கோப்புமாக வளைகுடாவில் கொள்கை எழுதிக் காலம் தள்ளுகிற கோயம்புத்தூர்க்கார ஆலோசகர்.

சில வருடங்களுக்கு முன்பு ராஷித் அவருடைய மாணவன்.

மாணவர்களில் ஒருவன் இல்லை. ஒரே மாணவன்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் வெளியூர்க்காரர்களாக இருக்கிற நாடு. மண்ணின் பிள்ளைகளும் கையால் வேலை செய்யப் பழக வேண்டும் என்று கொள்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். எழுதுவதற்கென்ன, அழகாகத்தான் எழுதியிருந்தார். பட்டறை கட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. மணிலாவிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பயிற்றுநர்கள் வந்தார்கள்.

ஏசி மெக்கானிக் வகுப்பை அவரே நடத்தினார். சேர்ந்தவன் ராஷித் ஒருவன்தான்.

சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். ஆலோசகருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஷித்துக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் பயிற்சிப் பள்ளிக்கே விசாரிக்க வந்தார்கள். பையன் என்ன படிக்கிறான், ஆள் எப்படி என்று.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஏதோ தொழில்நுட்பம் படிக்கிறான் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் பெருமை தாங்காமல் பட்டறைக்கே அழைத்துப் போனார். ராஷித் ஏணியில் நின்றிருந்தான். முழங்கை வரை கரி. "இப்படி ஒரு கைவேலைக்காரன் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டான்" என்றார் பெண்ணின் தகப்பனாரிடம்.

ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

சூடு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தார். சம்பந்தம் பேசப் போன இடத்தில் கை நனைக்காமல் வந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஊரில் பிறந்தவர்தான். அன்றைக்குப் பார்த்து அது உறைக்கவில்லை.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இன்ஜினியருக்குப் படிக்கறான்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் கோணிக்குமா? நம்மூர்ல மட்டும் மெக்கானிக்குன்னா ஓடியாந்து பொண்ணு குடுக்கறாங்களாக்கும்?"

மறுவாரம் ராஷித் வகுப்புக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

ஒரு பையனின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று அவர் வெகுநாள் மருகினார். மண் ஒன்றும் விழவில்லை. வேறு இடத்தில் பெண் அமைந்தது. மாமனாருக்கு அமைச்சகத்தில் பெரிய செல்வாக்கு. இந்த இயக்குநர் நாற்காலியே மாமனார் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஆனாலும் ஆலோசகருக்கு மனம் ஆறவில்லை. இழந்தது அவனா, தானா என்றுதான் தெரியவில்லை.

இன்று அவர் கொண்டுவந்திருந்த கோப்பு அந்த வகுப்பைப் பற்றியது. ஆள் சேரவில்லை, மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. இன்னும் ஒரு வருடம் நடக்கட்டும் என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டால் நடக்கும்.

ராஷித் போடுவான் என்று நம்பி வந்திருந்தார். அவனே போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

ஏசி மறுபடியும் கடகடத்தது.

"உள்ள ஃபேன்ல ஸ்க்ரூ லூஸாயிருக்கு, உஸ்தாத்" என்றான் ராஷித்.

உஸ்தாத் என்றால் வாத்தியார். அவன் அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிறது.

எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். தலைத்துணியைக் கழற்றி மடித்து வைத்தான். மேசையின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

இயக்குநர் மேசையில் அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

முதலில் சுவிட்சை அணைத்தான். அதை மறக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். நகராமல் ஆலோசகர் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் தூசி கொட்டியது. ராஷித் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி திருகினான். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்.

சுவிட்சைப் போட்டார்.

சத்தமில்லாமல் ஓடியது. இருவரும் சிரித்தார்கள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே ராஷித்தின் மாமனார் குரல்.

ராஷித் குதித்து இறங்கினான். ஸ்க்ரூ டிரைவரை ஆலோசகரின் கையில் திணித்தான். தலைத்துணியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை மேசைக்குத் தள்ளி உட்கார்ந்தான்.

ஆலோசகர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்த மாமனார் ஏசியைப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் கத்திட்டிருந்துச்சே. யார் சரி பண்ணினது?"

ராஷித் தன் வாத்தியாரை மட்டும் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

"நான்தானுங்க" என்றார் ஆலோசகர்.

இந்த முறை அவருடைய வாய் சரியாக வேலை செய்தது.

மாமனார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு மேசைமேல் கிடந்த கோப்பைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

ராஷித் கரி படிந்த இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி, கோப்பை ஆலோசகரே எடுத்துக்கொண்டார்.