கனகவல்லி டாட் இன்

காணிப்பாக்கம் கோயில் குளத்துப் படியில் மகனும் முதலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சட்டையைக் கழற்றினார்கள்.

சின்னசாமி கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

இரண்டு பேர் துணியும் அவனிடம்தான். ஒரு தோளில் முதலாளி நாகையாவின் வெள்ளைச் சட்டை. இன்னொரு தோளில் தன் மகன் முனிகிருஷ்ணனுடையது.

நாகையா சித்தூர்ப் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறவர். சின்னசாமி அங்கே லாரியிலிருந்து மாங்காய் இறக்குகிறான். அதற்கு முன்னால் அவருடைய தோப்பில் பம்பு செட்டுக் காவல். கல்யாணம் ஆன நாள் முதல் அவன் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கூலியில்தான்.

முனிகிருஷ்ணன் திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில், பிரவுசிங் சென்டர் நடத்துகிறான். போன வருஷம் டெல்லியில் இன்டர்நெட்டுக்கான இந்த 'டாட் இன்' பெயர்களை எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். முதல் பந்தி டிரேட்மார்க் வைத்திருந்த பெரிய கம்பெனிகளுக்கு. அவர்கள் கை கழுவின பிறகு ஊர் ஜனத்துக்கு. முதலில் கேட்டவனுக்குப் பெயர். நீ என்ன ஜனம், உன் அப்பன் யார் வீட்டில் வேலை செய்தான் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

நாகையா துபாய்க்கு அனுப்புகிற டப்பாவின் மேல் 'கனகவல்லி' என்று போட்டிருக்கும். டிரேட்மார்க்குக்கு எழுதிப் போட்டது அவர் கைக்கு வந்து சேர்வதற்குள், கனகவல்லி டாட் இன்னை முனிகிருஷ்ணன் எடுத்துவிட்டான்.

எடுத்தவன் அதில் ஒன்றும் செய்யவில்லை. திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்.

பெயரைக் கொடுத்த டெல்லி ஆபீஸுக்கு எழுதலாமா என்று நாகையா ஆடிட்டரைக் கேட்டார். அந்த ஆபீஸ் தானாகத் தீர்ப்புச் சொல்லாது, ஒரு மத்தியஸ்தரைப் போடும் என்றார் ஆடிட்டர். பெயர் கேட்கிறவனுடையதா, எடுத்தவனுக்கு அதில் பாத்தியதை உண்டா, கெட்ட எண்ணத்தோடு எடுத்தானா என்று அவர் பார்ப்பார். அதுவரைக்கும் பெயருக்குப் பூட்டு. நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், ஆனால் மாங்காய் சீசன் போய்விடும்.

நாகையா ஆள் மேல் ஆள் அனுப்பினார். துட்டு பேசினார். உங்கப்பனை வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

முனிகிருஷ்ணன் அப்பனிடம் பேசினது ஒரே பேச்சு.

"டெல்லி வாணாம், காணிப்பாக்கம் வரச் சொல்லு நைனா. பேரு தன்னுதுன்னு அவரு பிரமாணம் பண்ணட்டும். கெட்ட எண்ணம் இல்லன்னு நானும் பண்றேன். ரெண்டு பேரும் முழுவணும்."

குளத்தில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் பொய் சொன்னவன் என்ன ஆவான் என்று இந்தப் பக்கத்தில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். திருடினவன்கூடத் தண்ணீரைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். நாகையா சிரித்துக்கொண்டே சரி என்றது அதனால்தான். பயல் படியிலேயே கக்கிவிடுவான் என்று நினைத்தார்.

மகனுடைய எண்ணம் நல்லதில்லை என்று சின்னசாமிக்குத் தெரியும். அந்தப் பெயரை எடுத்த அன்று அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தவன். பொய்ப் பிரமாணம் செய்தால் பிள்ளை போய்விடும். உண்மையைச் சொன்னால் தன் வேலை போய்விடும்.

"முனி, வாணாம்டா. பேர குட்த்துட்டு வா, போயிடலாம்."

"கம்முனு துணியப் புடி நைனா."

இருவரும் இறங்கினார்கள். பாசிப் படியில் நாகையாவுக்குக் கால் வழுக்கியது. முனிகிருஷ்ணன் கையை நீட்டினான். அவர் முதலில் பிடிக்கவில்லை. இன்னொரு முறை வழுக்கியதும் பிடித்துக்கொண்டார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு சேர்ந்தே முழுகினார்கள். நாகையா எழுந்து, வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினார்.

மேலே ஏறி, சந்நிதிக்குத் திரும்புகிற இடத்தில் முனிகிருஷ்ணன் நின்றுவிட்டான்.

"பிரமாணம் வாணாம் சார். கெட்ட எண்ணத்துலதான் எடுத்தேன். இன்னிக்கே உங்க பேருக்கு மாத்திக் குட்த்துடறேன்."

"எவ்ளோ கேக்கற?"

"ஒண்ணும் வாணாம்."

நாகையா சொட்டச் சொட்ட நின்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"பின்ன எதுக்குரா என்ன இம்மாந்தூரம் இட்டாந்த? போன்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

முனிகிருஷ்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே குளத்தைப் பார்த்தான்.

"இந்தத் தண்ணிய எப்ப சார் எறைச்சி வுடுவாங்க? யாரு கழுவுவாங்க?"

நாகையா குளத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பைத்தியக்காரப் பயல் என்று முனகிக்கொண்டு, சின்னசாமியின் தோளிலிருந்த வெள்ளைச் சட்டையை உருவிக்கொண்டு நடந்தார்.

சின்னசாமி மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சின்னசாமி தோப்பில் காவல் இருந்தபோது முனிகிருஷ்ணன் மூன்றாவது படித்தான். வெயில் தாங்காமல் தோப்புப் பம்பு செட்டுத் தொட்டியில் குதித்துவிட்டான். நாகையா அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. தண்ணீர் முழுவதையும் திறந்து விடச் சொன்னார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். பையன் வரப்பில் நின்று, உடம்பு காய்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேய்த்தது சின்னசாமி.